லெட்டர்பேடு பிறகு, முதலில் உடன் போக ஆள் வேண்டும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளிர் குழுத் தலைவிகள் நாலு பேர், மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்காரர் ஒருவர், மலைக் கிராமங்களில் வேலை செய்பவர்கள் மூன்று பேர், இரண்டு ஆசிரியர்கள், ஒரு வழக்கறிஞர் என்று பதினொரு பேர் சேர்ந்து பெண்கள் பாதுகாப்புக்கும் மனித உரிமைக்கும் ஒரு கூட்டமைப்பு தொடங்க நினைக்கிறோம். பதிவு செய்ய வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது? இப்படிப்பட்ட உள்ளூர்க் கூட்டமைப்புகளால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா, கண்டன ஆர்ப்பாட்டத்தோடு முடிந்துவிடுகிறதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கிறது. அதற்குச் சாட்சி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை, நம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நடப்பதற்கு ஆகும் காலத்தைக் கேட்டால் உங்கள் பதினொரு பேரில் நாலு பேர் எழுந்து போய்விடக்கூடும். போகிறவர்கள் இப்போதே போய்விடுவது நல்லது. பாதி வழக்கில் போனால்தான் ஆபத்து.

வாச்சாத்தியைத்தான் சொல்கிறேன். அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடும் கோழியும் போயின. பெண்களும் கைக்குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கள் பதினொரு பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் பேச வேண்டும்.

விஷயம் சில வாரங்கள் கழித்துத்தான் வெளியே வந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் காதில் விழுந்து அவர்கள் ஊருக்குள் போய்ப் பார்த்தார்கள். அரசுத் தரப்பு மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி நேரில் வந்து விசாரித்து எழுதிய அறிக்கை மறுப்புகளை உடைத்தது. 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேருக்குத் தண்டனை. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீடு பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்து, நீதிபதி பி.வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்துவிட்டு, 2023-இல் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தத் தீர்ப்பின் தேதியும் செப்டம்பர் 29. முப்பத்தொன்று ஆண்டுகள்.

இதை எத்தனையோ மேடைகளில் கேட்டிருப்பீர்கள். மேடையில் பெரும்பாலும் தீர்ப்பைத்தான் பேசுகிறார்கள். யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று நீங்கள் பாருங்கள். மலைவாழ் மக்கள் சங்கம் ஊர்க்காரர்களைச் சிதறவிடாமல் வைத்திருந்தது. கட்சி சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் விடாமல் எழுப்பியது. மாதர் சங்கத்துப் பெண்கள் அந்தப் பதினெட்டுப் பேர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வழக்கறிஞர்கள் தாளைப் பார்த்துக்கொண்டார்கள். அரசு எந்திரத்துக்கு உள்ளேயே இருந்த ஓர் அதிகாரி உண்மையை எழுதினார். இவர்களில் எந்த ஒருவராலும் தனியாக அந்த வழக்கை நகர்த்தியிருக்க முடியாது. பதினெட்டுப் பெண்களும் பத்தொன்பது ஆண்டுகள் பிறழாமல் நின்றதற்கு அவர்களுடைய நெஞ்சுரம் முதல் காரணம். வாய்தாவுக்கு வாய்தா உடன் போக ஆள் இருந்தது அடுத்த காரணம். கூட்டமைப்பு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான்: ஒரு பெண் எந்த வாசலுக்குப் போனாலும் அவள் தனியாகப் போகாதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

இனிப் பதிவு. வெவ்வேறு சங்கங்களும் குழுக்களும் சேர்ந்து செயல்படும் கூட்டமைப்பைப் பதிவு செய்துதான் தீர வேண்டும் என்பதில்லை. வங்கிக் கணக்கு, நன்கொடை, சம்பளத்துக்கு ஆள் என்று வரும்போது பதிவு தேவைப்படும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும், நீங்கள் பதினொரு பேர் இருக்கிறீர்கள், பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும்: பெயரில் 'மனித உரிமை' என்ற சொல்லை வைக்காதீர்கள். காரில் சிவப்பு எழுத்து ஸ்டிக்கர், கழுத்தில் அடையாள அட்டை, சுங்கச்சாவடியில் சண்டை என்று கிளம்பிய போலிக் கூட்டத்தால் அந்தப் பெயருக்கு நேர்ந்த கதி உங்களுக்குத் தெரியும். பதிவுத்துறை அந்தச் சொல்லை ஏற்பதில்லை, உயர் நீதிமன்றமும் இத்தகைய அமைப்புகளைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. பெயரைப் பார்த்தவுடனேயே காவல் நிலையத்தில் உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். முதல் ஆறு மாதம் லெட்டர்பேடே அடிக்க வேண்டாம் என்பது என் யோசனை. வெள்ளைத் தாளில் பாதிக்கப்பட்டவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் புகாருக்கு இருக்கும் வலு வேறு எந்தத் தாளுக்கும் இல்லை.

நாலு மகளிர் குழுத் தலைவிகள் உங்களோடு இருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் முளைத்தது நம் மண்ணில்தான். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பிரிபடாத தருமபுரியில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது, பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004-இல்தான் என்பதால் இந்தப் பெருமையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. வாரம் ஒருமுறை பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கணக்குப் பேசும் பழக்கம் இங்கே ஒரு தலைமுறைக்கு மேலாக இருக்கிறது. யார் வீட்டில் அடி, யார் வீட்டில் பெண்ணைப் பள்ளிக்கு நிறுத்திவிட்டார்கள் என்பது தவணைப் பணம் எண்ணும் நேரத்தில் தானாக வெளியே வரும். தவணை கட்ட வராதவளைத் தேடிப் போவது போலவே முகத்தில் வீக்கத்தோடு வந்தவளைப் பற்றியும் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக ஒரு வலைப்பின்னல் கட்ட வேண்டியதில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நான் தருமபுரி நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் செய்பவள். இது வக்கீலாகப் போனபோது நடந்ததல்ல, ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போனபோது நடந்தது.

கணவர் பெங்களூரில் கட்டட வேலை. ஊரில் இந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும். கணவரின் அண்ணன் இரவில் வந்து கதவைத் தட்டுவது, ஒருநாள் கையைப் பிடித்து இழுத்தது, ரவிக்கை கிழிந்தது. மூன்று முறை காவல் நிலையத்துக்குத் தனியாகப் போயிருக்கிறார். முதல்முறை "ஆய்வாளர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்", இரண்டாம் முறை "குடும்பத்து விஷயம், பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளுங்கள்", மூன்றாம் முறை வாசலில் இருந்த பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். நான்காம் முறை அவரோடு நானும் அவருடைய குழுத் தலைவியும் போனோம். எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் யார்?" என்றார். குழுத் தலைவி, "உடன் வந்திருக்கிறோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா அப்படிச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்த விதத்தில், இன்றைக்கு இவர்கள் கிளம்பப் போவதில்லை என்பது அந்த அறைக்கே புரிந்தது.

மனுவை வாங்கிப் பார்த்தேன். ஆட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் எழுதித் தருபவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியது. "மேற்படி நபர் என்னை மானபங்கப்படுத்தியும் தகாத வார்த்தைகளால் திட்டியும் மன உளைச்சல் ஏற்படுத்தியும் வருகிறார், சமூகம் ஐயா அவர்கள் தயவுகூர்ந்து" என்று ஒரு பக்கம். தேதி இல்லை, நேரம் இல்லை, எந்த இடம் என்பது இல்லை, எந்தக் கையைப் பிடித்தான் என்பது இல்லை. மஞ்சள் பையிலிருந்து அந்த ரவிக்கையை எடுத்துக் காட்டினார். கறையோடு கொண்டுவந்தால் அசிங்கம் என்று துவைத்து, மடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அந்த இடத்திலேயே பெஞ்சில் வைத்து மறுபடி எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே. "சோறு வடித்துக்கொண்டிருந்தேன், சின்னவன் தூங்கிவிட்டான், பெரியவள் டியூஷனிலிருந்து வரவில்லை" என்று தொடங்கியது. டியூஷன் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டால் நேரம் வந்துவிடுகிறது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி யார் என்று கேட்டால் சாட்சி வந்துவிடுகிறது. மாலை ஐந்து மணிக்கு மனு ஏற்பு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., கைக்கு வந்தது. இரண்டு நாளில் எஃப்.ஐ.ஆர். பதிவானது.

ஆகவே நீங்கள் முதலில் கற்க வேண்டியது மனு எழுதுவது. பதினொரு பேரில் மூன்று பேருக்காவது ஒருவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, தேதி, நேரம், இடம், யார், என்ன சொன்னான், என்ன செய்தான், யார் பார்த்தார்கள் என்று எழுதத் தெரிந்திருக்க வேண்டும். மானபங்கம், மன உளைச்சல் போன்ற பொதுச் சொற்கள் வேண்டாம். ஆசிரியர்கள் இருவர் இருக்கிறார்கள், அவர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு குணம் உண்டு, அடுத்தவர் வாக்கியத்தைத் திருத்திவிடுவார்கள். அதை மட்டும் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் "இழுத்தான்" என்று சொன்னால் "இழுத்தான்" என்றே இருக்கட்டும்.

இரண்டாவது, சட்டத்தில் எந்த வரி உங்கள் கையில் ஆயுதமாக இருக்கிறது என்பது. எல்லாம் தெரிய வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்யலாம். குற்றம் எந்த நிலைய எல்லைக்குள் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலையத்தில் மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். பாலியல் குற்றப் புகாரைப் பெண்ணிடமிருந்து பெண் அலுவலர்தான் பதிவு செய்ய வேண்டும். அத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அலுவலருக்கே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். பிரிவு எண் உங்களுக்குத் தெரியும் என்பது பேச்சில் தெரிந்தாலே போதும். மிரட்டினால் அன்றைக்கு வேலை நடக்கும், அடுத்தமுறை நீங்கள் இல்லாமல் வரும் பெண் மீது அந்தக் கோபம் இறங்கும்.

நீங்கள் உடன் போவதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனம், சமூக ஊழியர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவருடைய உரிமை என்று எழுதியிருக்கிறது. விசாரணைக்கும் வழக்குக்கும் வந்துபோகும் பயணப்படி, தினப்படிகூட அவர்களுக்கு உண்டு. யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் கொடுப்பதில்லை. சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ ஒரு குடும்பம் தருமபுரி நீதிமன்றத்துக்கு வந்துபோனால் அன்றைய கூலி போய்விடும், பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு வேறு. சாட்சி பிறழ்வதற்கு மிரட்டலை மட்டும் காரணமாகச் சொல்கிறோம். அரைப் பங்கு பிறழ்ச்சிக்கு இந்த பஸ் செலவுதான் காரணம் என்பது என் அனுபவம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்குகளில் குழந்தைகள் நலக் குழு, குழந்தையின் சம்மதத்தோடும் பெற்றோரின் சம்மதத்தோடும் ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். உங்களில் பக்குவமான ஒருவர் அந்தப் பணிக்குத் தயாராகலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவள்தான் வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. வன்முறை நடப்பதாக நம்புவதற்கு இடமிருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக அவர் மீது வழக்கு வராது.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிச் சுருக்கமாக: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இணையவழி மோசடிக்கு 1930. மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். முதல் மாதத்திலேயே நீங்கள் பதினொரு பேரும் ஒருமுறை அங்கே போய் யார் இருக்கிறார்கள், இரவில் கதவு திறக்குமா, பிள்ளையோடு தங்கலாமா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆபத்து நேரத்தில் ஒரு பெண்ணை அனுப்பும் இடத்தை நாம் முன்னதாகக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரு தலைவலி குழந்தைத் திருமணம். அஞ்செட்டி, தளி, பெட்டமுகிலாளம் பக்கத்து மலைக் கிராமங்கள் செய்தியில் அடிபடுகின்றன. கீழ்நாட்டில் ஒன்றும் குறைச்சல் இல்லை, இங்கே மண்டபமும் பத்திரிகையும் இல்லாமல் கோயிலில் விடியற்காலையில் முடித்துவிடுகிறார்கள். தாய்மாமன் முறை, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற பயம், எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி தூரம், இவையெல்லாம் சேர்ந்த கலவை அது. பயத்தை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் இல்லை என்பது உண்மையான பயம்.

இதில் எங்கள் குழு செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு முகூர்த்தம் என்று முந்தின நாள் தகவல் வந்தது. 1098-க்குச் சொன்னோம், சமூகநல அலுவலர், காவலர்கள் எல்லோரும் போனார்கள், திருமணம் நின்றது. பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் டீ குடித்துவிட்டு, ஒரு பெண்ணைக் காப்பாற்றிய மகிழ்ச்சியில் வீடு திரும்பினோம். மூன்று வாரம் கழித்து எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் ஒரு கோயிலில் அதே மாப்பிள்ளையோடு தாலி கட்டிவிட்டார்கள். பெற்றோரின் கடிதம் வெறும் தாள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி நடுவரிடம் தடையாணை வாங்கியிருந்தால், அதை மீறி நடக்கும் திருமணம் செல்லவே செல்லாது. நாங்கள் வாங்கவில்லை. அந்தப் பெண் மறுபடி பள்ளிக்குப் போனாளா என்று அடுத்த திங்கட்கிழமையே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அதன் பிறகு எங்கள் நோட்டில் ஒரு வழக்கம் வந்தது. திருமணம் நின்ற தேதிக்குப் பக்கத்தில் ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் என்று மூன்று கட்டம். பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

ஓசூர்ப் பக்கத்துக் கூட்டமைப்புகளோடு நீங்கள் தொடர்பு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போவது அங்கேதான். ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் தொழிற்சாலை விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். 2025 நவம்பரில் அப்படியொரு விடுதியின் குளியலறையில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டு, பெண் தொழிலாளர்கள் திரண்டு போராடியது நினைவிருக்கும். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு. செங்கல் சூளைப் பெண்ணும் ஜவுளிக்கடைப் பெண்ணும் அங்கே போகலாம். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், கடந்த ஆண்டு எத்தனை புகார் வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள். ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய வன்கொடுமைத் தடுப்பு விழிக்கண் குழு எப்போது கூடியது என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளும் முப்பது நாளில் உங்களுக்குத் தரும் பதில், ஒரு நாள் ஆர்ப்பாட்டத்தைவிட அதிகமாக வேலை செய்யும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் துண்டறிக்கை போட்டால் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி, கூட்டமைப்புகள் எப்படிக் கெட்டுப்போகின்றன. நான் பார்த்தவரை முதல் ஆண்டு முடியும்போது மூன்று வழிகளில் ஒன்று திறக்கும். முதல் வழி கட்டப் பஞ்சாயத்து. பேர் கொஞ்சம் பரவியதும் "நீங்களே பேசி முடித்துவையுங்கள்" என்று இரு தரப்பும் வருவார்கள். பெண்ணுக்கு இரண்டு லட்சம், பையனுக்கு மன்னிப்பு என்று முடியும். நடுவில் ஒருவர் கையில் இருபதாயிரம் மாறும். பாலியல் குற்றத்தில் சமரசம் பேசும் வேலை உங்களுடையதல்ல என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் அது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோவில் குற்றம்.

இரண்டாவது வழி சாதி. இதைச் சுற்றி வளைக்காமல் பேசுங்கள். 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது. ஒரு காதல் திருமணத்தின் பேரில் மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் கொளுத்தப்பட்டன. அன்றைக்கு மகளிர் குழுக்களும் சாதிக்கு ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தன. உங்கள் பதினொரு பேரும் ஒரே தெருவா? கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது? காலனிப் பெண் வந்து நாற்காலியில் உட்காருவாளா? சாதி மறுத்துத் திருமணம் செய்த பிள்ளைகள் பாதுகாப்புக் கேட்டு வரும்போது, பெண் உங்கள் உறுப்பினர் ஒருவரின் உறவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்படி ஒரு நாள் கட்டாயம் வரும். எங்களிடம் வந்தபோது ஒருவர் விலகினார், ஒருவர் முகவரியை வெளியே சொல்லிவிட்டார். விலகியவர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மூன்றாவது வழி செல்போன். 2025 மார்ச்சில் கிருஷ்ணகிரி மாவட்ட மலைப்பகுதியில் 14 வயதுச் சிறுமியைத் திருமணம் செய்துவைத்துக் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போகும் காணொளியை ஊரே பார்த்தது. கண்டித்து அனுப்பியவர்களும் அந்தக் குழந்தையின் முகத்தைத்தான் அனுப்பினார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், பள்ளி, தெரு எதுவும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கு விவரம் ஒரு வரிகூட வர வேண்டாம். எங்களிடம் ஒவ்வொரு வழக்குக்கும் ஓர் எண் உண்டு. பெயர் இருக்கும் நோட்டு ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. ஆட்சியரிடம் மனு கொடுக்கும் படம் நாளிதழில் வருவதற்காக அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்த கூட்டமைப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அவளைத் தேடிப் போனால் கதவைத் திறக்க மாட்டாள்.

அதிகாரிகள் எல்லோரையும் எதிரிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் உங்களைவிட அதிகம் அறிந்தவர்கள், அவர்கள் வேலைக்கு ஆபத்து வராமல் தகவலைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். அதே நேரத்தில் குற்றம் செய்தது அரசு ஊழியராகவே இருந்தால் மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும். காவல் நிலையத்தில் பெண்ணை இரவில் உட்காரவைத்தது, அடித்தது போன்றவற்றுக்கு அந்த வழி.

உங்கள் முதல் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலைக் கிராமத்திலிருந்து வரும் மூன்று பேருக்கும் திரும்பிப் போக அந்த நேரத்தில் பஸ் கிடைக்காது, குழுத் தலைவிகள் சோறு வைக்கும் நேரம் அது. ஆண்கள் நாலைந்து பேர் மட்டும் மிஞ்சி முடிவெடுப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாற்றுங்கள். சந்தை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, வீட்டில் காரணம் சொல்லாமல் வரலாம். மாற்றுத்திறனாளி நண்பர் வருவதற்குப் படி இல்லாத இடமாகப் பாருங்கள். ஒரு நீள நோட்டு, இரண்டு பேனா, பஸ் செலவுக்கு ஓர் உண்டியல் எடுத்துப் போங்கள். பேனர் வேண்டாம்.